புது கேமைத் திட்டிய வாட்ச்மேன்

மைசூரில் எங்கள் அடுக்குமாடியின் வாட்ச்மேன், கழுத்துவரை பொத்தான் போட்ட ஒல்லி மனிதர். மாலையில் காலேஜ் பையன்களோடு கேட்டருகே உட்கார்ந்து செல்போனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவார். அவர்கள் புது கேமுக்கு மாறியபோது வாதாடினார்.

"அதுல வெறும் கலர்தான்டா. சண்டையில சூடே இல்ல."

"பழசு செம போர் குரு! ஆடிப் பாத்துட்டுப் பேசு," என்றான் ஒருவன். சிரித்தபடி மாடிக்குப் போனார்கள்.

"ஆடிப் பாத்தீங்களா?" என்று தயங்கிக் கேட்டேன்.

"இந்தப் போன்ல அது ஏறாது சார்."

"அவங்ககிட்ட சொல்லலாமே?"

"சொன்னா பாவம்னு ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் புதுசு வாங்கித் தருவாங்க. அப்புறம் அவங்கள எப்படி 'டா' போட்டுப் பேசுறது?"

கடைசிவரை அவர் சொல்லவில்லை. கூடி ஆடுவதும் நின்றுபோனது. இப்போது பையன்களின் வண்டி வந்தால் கேட்டைத் திறந்து, "வாங்க சார்" என்கிறார். எனக்குத்தான் அது காதில் உறுத்துகிறது.