ராசப்பனும் மதுவந்தியின் கரண்டியும்

அடுத்தவர் வேலையைத் தலையைத் திருப்பாமல் பார்க்க ராசப்பனுக்குத் தெரியும். கை தன் பாட்டுக்குச் செதுக்கிக்கொண்டிருக்கும், முகம் தன் மரத்துண்டின் மேல் இருக்கும், கண் மட்டும் எதிர்வரிசைக்குப் போய்வந்துவிடும். வந்ததும் ஒரு பெருமூச்சு. அதன் நீளத்தை வைத்தே எதிரே இருப்பவர் அன்றைக்கு எவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார் என்று நான் சொல்லிவிடுவேன். என் வேலையைப் பார்த்து அவர் ஒரு நாளும் பெருமூச்சு விட்டதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, சொன்னால் என்ன?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மணக்கும் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியின் மாடியில் எங்கள் மரச்செதுக்குக் கிளப் ஞாயிறுதோறும் கூடுகிறது. அனில்தான் செயலாளர். படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர், மலையாளி, எங்களோடு பழகித் தமிழைத் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டவர். நான் சங்கர்ராம். குறுமிளகு ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் இருந்தால் சண்டை வருகிறது என்று இங்கே சேர்ந்தவன். மற்றவர்களும் ஏறக்குறைய என்னைப் போலத்தான்.

எங்கள் நடுவில் மரத்தைத் தொட்டுப் பிழைப்பவர் ராசப்பன் ஒருவர்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் இங்கே வந்தவர். கட்டட வேலையில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கும் தச்சர். வாரம் முழுக்க அவர் பார்த்துப் பார்த்து அடிக்கும் பலகையை, கான்கிரீட் இறுகியதும் கடப்பாரை போட்டுப் பிரித்து எறிந்துவிடுவார்கள். களமசேரியிலும் வல்லார்பாடத்திலும் எத்தனையோ கட்டடங்களில் அவர் வியர்வை இருக்கிறது. இது நான் செய்தது என்று விரலை நீட்டிக் காட்ட ஓர் ஆணிகூட அங்கே மிச்சமில்லை. கிளப்பின் கண்ணாடிப் பெட்டி அவருக்கு அவ்வளவு பெரிய விஷயமானது அதனால்தான்.

அந்தப் பெட்டி மாடிப்படி ஏறியதும் சுவரில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு வேலைப்பாடு அதில் நிற்கும், அடியில் செய்தவர் பெயர் இருக்கும். பல வருஷம் அதில் ராசப்பன் பெயர்தான் இருந்தது. பஜார் ரோட்டில் சாக்கு மூட்டைகளை மேய்ந்து திரியும் ஆடு ஒன்றை அவர் பலாமரத்தில் செய்து வைத்தார். வெளிநாட்டுக்காரர்கள் அதன் பக்கத்தில் குனிந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் வீட்டுக்குக் கூட்டிப் போவதற்கு முன்னால் இங்கே கூட்டி வருவார். பையைத் தோளில் சுமந்தபடி அவர்கள் ஆட்டைப் பார்ப்பார்கள், இவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்.

அப்போதுதான் மதுவந்தி வந்தாள். பக்கத்துச் சேர்லாயில் வளர்ந்த பெண், என்னைப் போலப் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பந்தான், எறணாகுளத்தில் ஒரு வங்கியில் வேலை. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஒன்றைச் செய்து கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். ராசப்பன் விட்ட பெருமூச்சு படிக்கட்டு வரை கேட்டிருக்கும். அந்த வருஷம் ஆடு பின்பக்க அலமாரிக்குப் போனது, நீர்க்காகம் பெட்டிக்கு வந்தது.

அன்றிலிருந்து மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். படி ஏறும்போது பெட்டிப் பக்கம் பார்ப்பதில்லை, சுவரோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏறுவார். உள்ளே வந்ததும் மதுவந்திக்கு நேர் எதிரே இடம் பிடித்துக்கொள்வார். அடுத்த அறைக்குப் போய் உட்காரலாமே என்று ஒரு முறை நான் சொன்னதற்கு, வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது என்றார். அந்த இடத்தில் மழைக்காலத்தில் மெழுகுவர்த்திதான் ஏற்ற வேண்டும்.

"கையில என்ன சாரே இருக்கு? எல்லாம் அந்தக் கத்திதான்," என்றார் என்னிடம். "வெளிநாட்டுக் கத்தி. அது எங்கையில இருந்தா நான் காக்கா என்ன, மயிலே பண்ணுவேன்."

அந்தக் கத்தியையும் வாங்கினார். முனை வளைந்து, குழிவாகத் தோண்டுவதற்கென்றே செய்த கத்தி. யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, என் போனில்தான் ஆர்டர் போட்டார். மதுவந்தி கத்தியின் படத்தை அவள் டீ குடிக்கப் போன சமயத்தில் எடுத்திருந்தார். அதே படம், அதே பெயர், பிசகில்லை. கத்தி வந்தது. வீட்டில் வைத்துப் பழகிப் பார்த்தார். மரம் சீவ மறுத்தது, கத்தி எதிர்ப்பக்கமாகவே ஓடியது. தனக்குக் கை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். முகத்தில் சோறு இறங்காத களை. கடைசியில் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் அட்டைப் பெட்டியைப் படித்தேன், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது இடக்கைக்காரர்களுக்கான கத்தி.

மதுவந்தி இடக்கைக்காரி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நேற்று மழை பெய்தது தெரிந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். கத்திக்கும் கரண்டிக்கும் இடம் வலம் உண்டென்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

எங்கள் கிளப்பில் ஓணத்தையொட்டி ஒரு வழக்கம் உண்டு. மழை மாதத்தில் எல்லார் பெயரையும் சீட்டில் எழுதித் தூக்குவாளியில் போட்டு ஆளுக்கு ஒன்று எடுப்போம். யார் பெயர் வருகிறதோ அவருக்கு ஒரு மரக்கரண்டி செய்ய வேண்டும். யாருக்கு யார் என்பது ரகசியம். ஓணம் முடிந்த ஞாயிறு குடும்பத்தோடு கூடிப் பாயசம் வைப்போம். அவரவர்க்கு வந்த கரண்டியால் அண்டாவைக் கிண்டி, அதனாலேயே எடுத்துக் குடிக்க வேண்டும். போன வருஷம் மதுவந்தி பெயர் எனக்கு வந்தது. நான் கொடுத்ததை வாங்கி, "அழகா இருக்கு மாமா," என்றாள். வீட்டில் சுவரில் மாட்டியிருப்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கரண்டியைச் சுவரில் மாட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

இந்த வருஷம் அனில் புதிதாக ஒன்று சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குப் போவது இந்தக் கரண்டிகளில் ஒன்றாக இருக்கட்டும், கை தூக்கி முடிவு செய்வோம். ஆனால் கரண்டி வாங்கியவருக்குச் சொந்தம் என்பதால், ஒரு வருஷம் பெட்டியில் விட்டுவைக்க அவர் சம்மதிக்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினோம். சீட்டு எடுத்தோம். ராசப்பன் தன் சீட்டைப் பிரித்த வேகத்திலேயே மடித்து வாய்க்குள் போடுவது போல ஒரு முகம் வைத்துக்கொண்டார்.

அன்று படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ரகசியமாவது ஒன்றாவது.

"அவ பேருதான் சாரே. வசமா வந்து மாட்டிச்சு. பெட்டியில எம் பேரு வரணும். அது எறங்கி அவ வீட்டுக்குப் போனப்புறமும், அதைத் தொடுத போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியணும். இப்படி ஒண்ணு நம்மால ஆகலையேன்னு எரியணும்."

"அவங்க வீட்டுல இண்டக்ஷன் அடுப்பு. அது எரியாது," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ராசப்பனின் கண் இப்போது அவள் செய்யும் பொருளுக்குப் போகவில்லை, அவள் கைக்குப் போனது. கட்டைவிரல் எங்கே படிகிறது, மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, டீ ஆற்றும்போது சுண்டுவிரல் தனியே நிற்கிறதா, எல்லாவற்றையும் விழுங்குகிற மாதிரி பார்த்தார். எதற்கும் உதவாமல் கிடந்த அந்தக் கத்தியைத் தன் இடது கையில் பிடித்துப் பழகினார். விரலெல்லாம் பிளாஸ்திரி. "இந்தக் கையால எப்படித்தான் இவ்வளவு மெல்லிசாச் சீவுதாளோ," என்று முனகினார். பாராட்டு மாதிரிதான் ஒலித்தது, ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

ஓணம் வந்தது. ஞாயிறன்று கிட்டங்கி முற்றத்தில் பருப்புப் பாயசம் கொதித்தது. பாயசப் பொறுப்பு ராசப்பனின் மனைவி பேச்சியம்மாளுக்கு. பாலத்தடியில் கட்டட வேலைக்காரர்களுக்கு மெஸ் நடத்துகிறவள், எங்கள் கூட்டமெல்லாம் அவளுக்கு ஒரு பந்தியே இல்லை. கரண்டிகள் கை மாறின. எனக்கு வந்த கரண்டியைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

மதுவந்தி காகிதத்தைப் பிரித்தாள். மஞ்சள் பலாவில் நீண்ட காம்பு, காம்பில் கட்டைவிரலுக்கு ஒரு சின்னப் பள்ளம், வாய் வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. அலங்காரம் ஒன்றும் கிடையாது. இடது கையில் எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அண்டாவுக்குப் போய்க் கிண்டினாள், ஒரு சொட்டு சிந்தாமல் எடுத்து டம்ளரில் ஊற்றினாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது.

"எங்காத்துல விசேஷம்னா இப்பவும் என்னைப் பரிமாற விடமாட்டா," என்றாள். "இடது கையை எடுக்காதேன்னு அடி வாங்கியே வளர்ந்தேன். எனக்குன்னு ஒருத்தரும் கரண்டி பண்ணினதில்லை. இது யார் பண்ணினது?"

ராசப்பன் கையைத் தூக்கினார். அனில் ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார். "ராசப்பேட்டா, அடிபொளி!"

கை தூக்கச் சொன்னபோது ஏறக்குறைய எல்லாக் கையும் ராசப்பனுக்குத்தான் எழுந்தன. நானும் தூக்கினேன். வயிற்றெரிச்சலோடு தூக்கினேன், போன வருஷம் அதே பெண்ணுக்கு நான் செய்ததை நினைத்துக்கொண்டு தூக்கினேன். ராசப்பனின் கண் அதற்குள் மாடிப்படிக்குப் போய்விட்டது.

"அப்ப மதுவந்தி, இது ஒரு கொல்லம், ஒரே ஒரு வருஷம், பெட்டியில இருக்கட்டும், கேட்டோ?" என்றார் அனில்.

மதுவந்தி கரண்டியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "இல்லை அனில் சேட்டா. இதைத் தர முடியாது. நான் நாளைக்கே இதால சமைக்கணும். கண்ணாடிக்குள்ள வைக்கிற கரண்டி இல்லையாக்கும் இது."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார் அனில். அவள் அசையவில்லை. அடுத்தபடியாகக் கை விழுந்த கரண்டி எது என்று பார்த்தார்கள். அது மதுவந்தி அனிலுக்குச் செய்தது. பெட்டியில் இந்த வருஷமும் அவள் பெயர்தான்.

ராசப்பன் முகம் கறுத்துச் சிறுத்துப் போனது. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால் அவள் விட்டுக்கொடுத்திருப்பாள். அதை அவரும் கணக்குப் போட்டுவிட்டார் என்று பார்த்தாலே தெரிந்தது.

அந்த நேரத்தில்தான் பேச்சியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "தாங்க தாயி, பாக்கட்டும்," என்று மதுவந்தியிடம் கரண்டியை வாங்கித் தன் வலது கையில் பிடித்துப் பார்த்தாள். அது அவளுக்கு நிற்கவில்லை. பள்ளத்தில் விரலை வைத்துத் தடவினாள். பிறகு எல்லார் முன்னாலும் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தப் புள்ள கையை எவ்வளவு நாளாப் பாத்திய?"

குரலில் கேலி இல்லை. டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. மதுவந்தியின் முகம் சட்டென்று மாறியது. பேச்சியம்மாள் என்ன நினைக்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது, ராசப்பனுக்கும் புரிந்தது.

"ஏட்டி, என்ன பேசுத?"

"கட்டைவிரலு எங்கே படியும்னு தெரிஞ்சிருக்கு. சும்மாப் பாத்தா தெரியுமா இது?"

ராசப்பன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கத்திதான் காரணம், நேரந்தான் காரணம், படித்த பெண்ணுக்கு வாய்ப்பு அதிகம் என்று இத்தனை நாள் எங்களிடம் சொன்ன ஒன்றும் அவருக்கு இப்போது உதவாது.

"பொறாமைட்டீ!" என்று கத்தினார். "வேற ஒண்ணும் இல்ல. பொறாமைலதான் பாத்தேன். அவ பண்ணுதது என்னால ஆகல. தூக்கத்துலயும் அந்தக் கைதான். போதுமா?"

மதுவந்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. உண்மை வெளியே வந்துவிட்டது, பெண்சாதியும் சமாதானம் ஆகிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அது பொறாமைதான்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் பேச்சியம்மாள். "நான் அதுக்காக் கேக்கேன்? எங்கையைப் பாக்காமச் சொல்லுங்க. நான் எந்தக் கையால கிண்டுவேன்?"

"சோத்துக் கையாலதான். இதென்ன கேள்வி?"

"ரெண்டு கையாலயும்." அவள் கரண்டியை மதுவந்தியிடம் திருப்பிக் கொடுத்தாள். "ஒத்தக் கையால மெஸ்ஸு அண்டாவைக் கிண்ட முடியுமா? வந்த நாள்லருந்து கிண்டுதேன். நீங்க பக்கத்துலதான் உக்காந்து திங்கிய."

ராசப்பன் அவள் கைகளைப் பார்க்கத் திரும்பினார். பேச்சியம்மாள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.