வக்கீலம்மாவுக்கு நான் எதிர்க்கட்சி

போன வாரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் மலைப் பட்டாணியின் தோலை நகத்தால் கீறினாலே ஒரு பச்சை வாசனை கிளம்பும். அது மூக்கில் ஏறினால் போதும், பழைய நாள் ஏதாவது ஒன்று வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மகள் டிவியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள். அதில் டெல்லிப் பாராளுமன்றம். ஒரு அம்மா எழுந்து நின்று வாயைத் திறக்கிறார், எதிரே இருக்கிறவர்கள் ஒரே கத்தல். அந்த அம்மா என்ன சொல்ல வந்தார் என்று கடைசிவரை தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. குறுக்கே பேசுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. எனக்கு அது தெரியும். நானும் எதிர்க்கட்சியில் இருந்தவள்தான்.

சிரிக்காதீர்கள். இரண்டாங் கிளாசோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதைக்கூட மெதுவாகத்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அப்போது கொடைக்கானலில் ஏரிக்கு மேலே, தைல மரங்களுக்கு நடுவில் ஒரு பங்களா இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே தோட்ட வேலை, எனக்குச் சமையல். பின்னால் ஒரு அறையில் குடியிருந்தோம். சீசன் கூட்டமெல்லாம் இறங்கிப்போய், சாரல் பிடிக்கிற நேரத்தில் வக்கீலம்மா வருவார். மெட்ராஸில் வக்கீலாக இருந்து, பிறகு ஓட்டுக்கு நின்று எம்.பி. ஆனவர். பெட்டியில் துணி கொஞ்சம், புத்தகம் நிறைய. அடுத்த பாராளுமன்றக் கூட்டத்தில் பேசப்போவதை எங்கள் குளிரில் உட்கார்ந்து யோசிப்பார். “மெட்ராஸ் வெயில்ல எனக்குக் கோவந்தான் வருது, யோசனை வர மாட்டேங்குது” என்பார்.

வந்த முதல் வருஷமே சமையல்கட்டுக்குள் வந்து நின்றார். “இங்க பாரும்மா, நான் பேசறேன், நீ கேளு. உனக்குத் தமிழ்ல புரிஞ்சா அவங்களுக்கு இங்கிலீஷ்ல புரியும். எங்க தூக்கம் வருதோ சொல்லிடு, அந்த இடத்த வெட்டிடறேன்.”

எனக்குத் தூக்கம் வரவில்லை. பட்டாணியை உரித்துக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

“அங்க எவனும் தலையாட்ட மாட்டாம்மா. எதுத்துப் பேசு.”

“நான் என்னத்தங்க எதுத்துப் பேச?”

“உங்க ஊரு ஆம்பளைங்க என்ன சொல்வாங்களோ, அதச் சொல்லு.”

அது எனக்கு மனப்பாடம். பிறந்ததிலிருந்து காதில் விழுந்தது அதுதானே. அந்த வருஷம் வரதட்சணையைப் பற்றிப் பேச்சு. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “பொண்ணு கறுப்பா இருந்தா எவன் சும்மா கட்டுவான்? நகை போட்டாத்தான மாப்பிள்ளை கண்ணுக்குப் பொண்ணு தெரியும்” என்றேன்.

“அப்படின்னா மாப்பிள்ளையக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கல்யாணத்துக்கு என்ன அவசரம்?” என்றார் வக்கீலம்மா. தோட்டத்தில் மண் கொத்திக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சிரித்தது எனக்குக் கேட்டது.

அப்படி ஆரம்பித்ததுதான். முக்காலியில் ஒரு முட்டைக்கோஸைத் தூக்கி வைப்பார். அதுதான் சபாநாயகர். “மாண்புமிகு சபாநாயகர் அவர்களே” என்று கோஸைக் கும்பிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். நான் வாய்க்கு வந்தபடி பேசினால், “என்னப் பாத்துப் பேசாத, சபாநாயகரைப் பாத்துப் பேசு” என்று அதட்டுவார். பேச்சு முடிந்ததும் சபாநாயகரை நறுக்கிக் கூட்டு வைப்பேன். அடுப்பில் தைல மர விறகு. அந்தப் புகை வாசனையோடு கூட்டைச் சாப்பிட்டுவிட்டு, “இன்னிக்குச் சபாநாயகர் நல்ல ருசி” என்பார்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தார். நான் குறுக்கே கேட்கலாம். கேட்டுவிட்டால், அவர் பதில் சொல்லி முடிக்கிறவரை நான் வாயைத் திறக்கக் கூடாது. நான் கேட்டு முடிக்கிறவரை அவரும் திறக்க மாட்டார். டிவியில் இருக்கிறவர்களுக்கு இந்த விதியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

சொல்ல வந்தது இது இல்லை. எங்கள் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே அண்ணன். கொடைக்கானலுக்குப் பக்கத்தில் பேத்துப்பாறையில் அப்பாவின் நிலம். உருளைக்கிழங்கும் பூண்டும் போடுவோம், வரப்போரமாக ஒரு வரிசை பிளம்ஸ் மரம். அதில் இரண்டு மரத்துக்கு நான்தான் குழி தோண்டினேன். அப்பா போன பிறகு அண்ணன்தான் எல்லாம் பார்த்துக்கொண்டார். பூண்டு எடுத்தால் எனக்கு என்று ஒரு சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார். பஸ்ஸே பூண்டு நாறும். கண்டக்டர் திட்டினால், “தங்கச்சிக்குப்பா” என்பார், அவ்வளவுதான்.

வரதட்சணைப் பேச்சு முடிந்து சில வருஷம் கழித்து, வக்கீலம்மா சொத்துப் பங்கைக் கையில் எடுத்தார். பெண்ணுக்கும் பங்கு உண்டு என்று சட்டம் பாதி ஏற்கெனவே இருந்தது, மீதியை நிரப்ப வேண்டும் என்பது அவர் பேச்சு. அதே வாரம்தான் அண்ணன் வந்தார். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. பழனியில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்.

“வர்ற தைப்பூசக் கூட்டம் வடியட்டும்த்தா, போவோம்” என்றார் அண்ணன். காபியை ஆற்றிக்கொண்டே, “அன்னைக்கே ரெஜிஸ்டர் ஆபீசுக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். எனக்குப் பங்கு வேண்டாம்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, ஒரே பஸ் செலவுல ரெண்டு சோலியும் முடிஞ்சிரும்” என்றார்.

மனசில் கள்ளம் வைத்துச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் எல்லாத் தங்கச்சிகளும் அப்படித்தான் போட்டார்கள். பெண்ணுக்குச் சீர், ஆணுக்கு மண். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். ஆனால் அன்று முழுக்க எனக்கு அந்த இரண்டு மரமும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

மறுநாள் கோஸ் முக்காலியில் ஏறியது. நான் அண்ணன் குரலிலேயே ஆரம்பித்தேன்.

“கல்யாணத்துக்குச் செலவழிச்சாச்சு. வருசா வருசம் சீர் போகுது. இன்னும் என்ன பங்கு?”

“சீர் அவர் மனசு வச்சா வரும். பங்கு, அவர் மனசு வைக்காட்டியும் வரும்.”

“நெலத்துல அவளா வந்து பாடுபடுறா?”

“கல்யாணத்துக்கு மொத நாள் வரைக்கும் அந்தப் பாத்தியில களை எடுத்தது யாரு?”

நான்தான் எடுத்தேன். அது அவருக்குத் தெரியாது. கோஸைப் பார்க்க மறந்து, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டேன். “சரிங்க. நான் பங்கு கேட்டுட்டேன்னு வையுங்க. எம்மகளுக்குக் காது குத்தறப்ப யாரு மடியில உக்கார வைப்பேன்?”

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். அண்ணன் வந்துபோனதைச் சொன்னேன்.

“காது குத்தற அன்னிக்கேவா?”

“ஒரே பஸ் செலவுங்க.”

விதிப்படி நான் பதிலுக்குக் காத்திருந்தேன். வெளியே மூடுபனி வந்து தைல மரங்களை ஒவ்வொன்றாக மறைத்தது. அன்றைக்குக் கூட்டில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவரும் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டார்.

அந்த முறை பெட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, “நீ கேட்டதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அப்படியே கொண்டுபோய் அங்க வைக்கிறேன். அவங்க சொல்லட்டும்” என்றார்.

டெல்லிக் கூட்டம் முடிந்து ஐப்பசிக் குளிரில் ஒருதரம் வந்தார். நான் கோஸை எடுக்கப் போனேன். “வேண்டாம், இன்னிக்கு நீதான் சபாநாயகர்” என்று என்னை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, டெல்லியில் பேசியதை நின்றுகொண்டு பேசிக் காட்டினார். பெண் வாய்விட்டுக் கேட்டால்தான் பங்கு என்று இருக்கக் கூடாது; அப்பன் போனதும் அவள் பெயர் தானாக ஏற வேண்டும். நல்லது கெட்டது நடக்கிற நாளில் அவளிடம் வாங்குகிற கையெழுத்து செல்லாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏனென்றால் எங்கள் மலையில் ஒரு தாய், மகளை உட்கார வைக்க ஒரு மடிக்காகத் தன் மண்ணைக் கொடுக்கப் போகிறாள்.

“என்ன சொன்னாங்க?”

“சிரிச்சாங்க. பாராளுமன்றத்துல மடியப் பத்திப் பேசறேனாம். ஒருத்தர் மட்டும் சிரிக்கல. எதிர் வரிசை, வயசானவர். வெளிய வந்தப்புறம் எங்கிட்ட வந்து, ‘எங்கக்கா கிட்ட எங்கப்பா காரியத்தன்னிக்குக் கையெழுத்து வாங்கினோம்’னு சொல்லிட்டுப் போனார்.”

“அந்த ஒரு வரி?”

“தோத்துப்போச்சும்மா. ஓட்ட எண்ணிக்கூடப் பாக்கல. ‘வேண்டாம்’னு கத்தின சத்தம் பெருசா இருந்துச்சு, முடிச்சுட்டாங்க.”

“அப்ப எனக்குப் பதில் வரலீங்களா?”

“வரல” என்றார். சபாநாயகராக உட்கார்ந்திருந்த நான் எழுந்து போய் அடுப்பை ஊதினேன்.

தை முடிகிற சமயத்தில் பழனிக்கு இறங்கினோம். அந்த மலைப்பாதை வளைவுகளில் எனக்குக் குடலே வெளியே வந்துவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே மாட்டேன். பழனியில் கால் வைத்ததும் பஞ்சாமிர்த வாசனை வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடும். மகளுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசினார்கள். அண்ணன் புது வேட்டியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி ஊசியைக் காட்டியதும் அவள் கதறி, அண்ணன் விரலைப் பிடித்து ஒரு கடி கடித்தாளே, ரத்தம் வந்துவிட்டது. அவர் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது காது குத்தி முடிகிறவரை கொடுத்துக்கொண்டே இருந்தார். அழுதது அவளா அவரா என்று சொல்ல முடியாது.

சாப்பிட்டுக் கை கழுவியதும், “வெரசாக் கெளம்புத்தா, ஆபீச மூடிருவான்” என்றார்.

நான் எதையும் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது.

“இன்னைக்கு வேண்டாம்ணே. இன்னைக்கு நீங்க மாமன். இன்னொரு நாளைக்கு அண்ணனா வாங்க, பேசுவோம்.”

சொல்லிவிட்டு, விதிப்படி வாயை மூடிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். துணி சுற்றியிருந்த விரலைப் பார்த்தார்.

“யாரு சொல்லிக் குடுத்தது ஒனக்கு?”

“யாரும் சொல்லிக் குடுக்கலண்ணே. எங்க வக்கீலம்மாவுக்கே தெரியல.”

அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார். முடிந்தது என்று நினைத்தேன், அண்ணனும் போச்சு, மடியும் போச்சு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு பின்னாலேயே போனேன். பஸ்ஸில் ஒரு ஜன்னலோர சீட்டில் அவர் துண்டு கிடந்தது. அவர் உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“உக்காரு. வாந்தி எடுப்ப” என்றார்.

அதற்குப் பிறகு மகளுக்குச் சடங்கு வந்தது, கல்யாணம் வந்தது. எல்லாவற்றுக்கும் சீர் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், “இன்னைக்கு மாமன்ணே” என்பேன். “நான் எப்பத்தா அண்ணனாவேன்?” என்பார். பிறகு அது எங்களுக்குள் ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. விரலைத் தூக்கிக் காட்டி, “ஒம்மக கடிச்ச கடி இன்னும் வலிக்குது, இதுக்கே எனக்கு ரெண்டு பங்கு வேணும்” என்பார். கோஸ் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

வக்கீலம்மா அடுத்த தேர்தலில் நிற்கவில்லை. மலைக்கு வருவதும் நின்றது. இறந்துபோனதை யாரோ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். சட்டம் மட்டும் வருஷம் போகப் போக, அவர் கேட்டதில் முக்கால்வாசி வந்துவிட்டது என்கிறார்கள். அந்த ஒரு வரி வரவில்லை.

அண்ணன் படுக்கையில் விழுந்ததும் பேத்துப்பாறைக்குப் போனேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, “ஏத்தா, இன்னைக்குக் காதுகுத்தும் இல்ல, கல்யாணமும் இல்ல. அண்ணனாத்தான் படுத்துக் கெடக்கேன். பேசு” என்றார்.

எத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் கோர்த்து வைத்திருந்தேன், களை எடுத்தது, குழி தோண்டினது என்று. கடைசியில் கஞ்சி டம்ளரைத்தான் எடுத்தேன். “கஞ்சி ஆறுதுண்ணே, குடிங்க” என்றேன்.

“எதிர்க்கட்சி இப்படிக் கவுந்துருச்சே” என்று சிரித்தார். பிறகு, “பயலுககிட்டச் சொல்லிட்டேன். பிளம்ஸ் வரிசைப் பக்கம் ஒன்னோடது. ஒம்பேருக்கு அவனுகளே எழுதிருவானுக. நீ கேட்டு வாங்குனன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது” என்றார்.

அண்ணன் போன பிறகு அவர் மகன்கள் அப்படியே எழுதிக்கொடுத்தார்கள். தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள், பூண்டு விளைந்த இடத்தில் இப்போது வரிசையாகக் காட்டேஜ். பங்களாவை இடித்து ஓட்டல் கட்டிவிட்டார்கள். தைல மரங்களும் இல்லை. என் பிளம்ஸ் வரிசை மட்டும் காய்க்கிறது. தங்க வருகிறவர்கள் அதன்கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, “யாருது பாட்டி இது?” என்று கேட்பார்கள். “என்னுது” என்பேன். கேட்டும் வாங்கவில்லை, விட்டும் கொடுக்கவில்லை என்பதையெல்லாம் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா.

போன மாதம் பேத்தியின் குழந்தைக்குக் காது குத்தினார்கள். பழனிக்கு யாரும் போகவில்லை. கடைத்தெருவில் கண்ணாடி பதித்த ஒரு நகைக்கடை, சுற்றுகிற நாற்காலி, துப்பாக்கி மாதிரி ஒரு மிஷின். தாய்மாமன் வெளிநாட்டில், செல்போனுக்குள்ளிருந்து கையை ஆட்டினான். ‘டக்’கென்று ஒரு சத்தம். குழந்தை வீறிட்டு, எதையோ தேடுகிற மாதிரி வாயைத் திறந்தது. நான் என் விரலை நீட்டினேன். முளைத்திருந்த இரண்டு பல்லாலும் நன்றாகக் கடித்தது.

அண்ணன் அத்தனை வருஷம் சொல்லிக்காட்டிய அளவுக்கு ஒன்றும் வலிக்கவில்லை. அதைப் போய் அவரிடம் சொல்லிச் சண்டை பிடிக்கலாம் என்றால், ஆள் இல்லை.