எங்கள் இருவருக்கும் இக்காமாவில் ஒரே தொழில்

கிரெக் சார் போய்விட்டார்.

அமெரிக்காவிலிருந்து அவர் மனைவி மெயில் அனுப்பியிருக்கிறார். டூட்டி முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறேன்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. கதை எழுதுகிறவர். அவர் ஊரில் இரண்டு நாவல் போட்டார், இரண்டும் விற்கவில்லை. அதனால்தான் சவூதியில், அல் கோபாரில் எங்கள் கம்பெனிக்கு சேஃப்டி மேனுவல் எழுத வந்தார்.

நான் அங்கே கிளார்க். வெளிநாட்டுக்காரர்கள் தங்கி வேலை செய்யக் கொடுக்கும் இக்காமா கார்டில் இரண்டு பேருக்கும் தொழில் 'காத்திப்'. அரபியில் எழுத்தாளருக்கும் கிளார்க்குக்கும் ஒரே சொல்தானாம். "நாம் ரெண்டு பேரும் ஒரே வேலை, பாஸ்" என்று கார்டைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். அந்த ஆபீஸில் சிரிப்பதற்கு வேறு என்ன இருந்தது!

என் ரூம்மேட் முருகேசன் அதே ஆபீஸில் டாய்லெட் கிளீனர். வீட்டில் சூப்பர்வைசர் என்று சொல்லியிருந்தான். ரூமில் எல்லோருக்கும் தெரியும், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. அவன் ஹார்ட் அட்டாக்கில் போனபோது, மனசு தாங்காமல் நான்தான் கிரெக் சாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

ஊர் திரும்பிய பிறகு, ஏதோ ஒரு காலேஜில் பார்ட் டைம் வகுப்பு எடுத்துக்கொண்டே, அவர் அதைக் கதையாக எழுதிவிட்டார். ஆன்லைனில் வந்து நல்ல பேர், ஒரு பரிசுகூட. லிங்க் அனுப்பினார். நானும் படிக்காமலே பெருமையாக இங்கே ஷேர் செய்தேன். என் புத்தியை என்ன சொல்ல... பேரை மட்டும் மாற்றியிருந்தார், மீதி எல்லாம் அப்படியே முருகேசன்.

மறுநாள், அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்த அவன் மகளிடமிருந்து மெசேஜ். "மாமா, இது எங்க அப்பாவா?"

"இல்லம்மா, சும்மா கற்பனை" என்று போட்டேன். போஸ்ட்டை டெலிட் செய்தேன். கிரெக் சாரைக் கன்னாபின்னாவென்று திட்டி மெயில் அனுப்பினேன்.

நான்கு வரியில் மன்னிப்புக் கேட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. ஆறு வருஷம்... ஒரு 'ஓகே' போட எவ்வளவு நேரம் ஆகும்?

இன்று அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து, அது உன் அப்பா கதைதான் என்று சொல்லிவிட்டேன். இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"தெரியும் மாமா" என்றாள். "அப்பா தொடைக்கும்போது பாடிக்கிட்டே தொடைப்பாங்கன்னு அதுலதான் படிச்சேன். அவங்க பாடி நான் கேட்டதே இல்ல. அம்மாவுக்கும் படிச்சுக் காட்டினேன். அந்த இடத்த மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னாங்க."

அவள் எழுதச் சொல்லித்தான் இதை எழுதுகிறேன்.

போய் வாருங்கள், கிரெக் சார். திட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.