காலையில் ஒரு ஸ்னாப்ஷொட்

எனக்குப் பயம் பல் தீட்டும்போதே தொடங்கிவிடும். காஸ் அடுப்பை மூடினேனா, கேற்றைப் பூட்டினேனா என்று இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பி வந்த நாட்கள் உண்டு. வேலைக்கென்று கந்தோருக்கு வந்து சேர்ந்தால் அங்கே சேர்வர் பெட்டி இருக்கும். பிறகு அந்தக் கவலை.

யாழ்ப்பாணத்தில் ஒரு திருச்சபைக் கந்தோரில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, றேடியோ திருத்தும் கடையில் ஈயம் உருக்கி, பிறகு கணினி திருத்திப் பழகியவன் நான். சேர்வரைப் பற்றிப் படித்ததெல்லாம் ஒரு கையில் அகராதியோடுதான்.

பெட்டி ஒன்றுதான். ஆனால் அதற்குள் மென்பொருளால் பிரித்த ஐந்து கணினிகள் ஓடின. ஒரு வளவுக்குள் ஐந்து குடித்தனம் இருப்பதுபோல. கிணறு ஒன்று, அடுப்பு ஐந்து. எந்தக் குடித்தனத்துக்கு எவ்வளவு இடம், எவ்வளவு நினைவகம் என்று பங்கு பிரித்துக் கொடுப்பதும், ஒருவர் தண்ணீரை இன்னொருவர் இறைத்துவிடாமல் பார்ப்பதும் என் பொறுப்பு.

அந்த ஐந்தில் ஒன்று, என்னோடு வேலை செய்த அக்காவுடையது. அக்கா குருநகர்க்காரர், கத்தோலிக்கர். வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். புரட்டஸ்தாந்துக் கந்தோரில் கத்தோலிக்க அக்காவும் சைவக்காரனான நானும் ஒரே அறையில் இருந்தோம். பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளையும் கலியாணப் பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பிறகு அதைப் பார்த்துத் தட்டச்சு செய்வது அவருடைய வேலை. தாள்கள் அப்பளம் மாதிரி. படம் எடுத்து முடிய, சில பக்கங்கள் மேசையிலேயே தூளாகிப் போயின. அப்படிப் போனவற்றுக்கு இனி அக்காவின் கணினிதான் கதி. இரண்டு வருட உழைப்பு அது.

முதலில் அக்கா பின்னேரங்களில் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போவார். வைரஸ் வந்துவிடும் என்று நான்தான் மறித்தேன். "நான் ஒவ்வொரு நாளும் ஸ்னாப்ஷொட் எடுக்கிறன் அக்கா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று சொல்லி, அந்தப் பென்டிரைவையும் வாங்கித் துடைத்துவிட்டேன்.

உண்மையாகவே ஒவ்வொரு நாளும் எடுத்தேன். வந்ததும் திருநீறு பூசுவதுபோல ஒரு சொடுக்கு. அந்த நேரத்தில் கணினி எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும், பிழைத்தால் அந்த நிலைக்குத் திரும்பலாம் என்று படித்திருந்தேன். ஒரு நாள் எடுத்தால் ஒரு காவல், நூறு நாள் எடுத்தால் நூறு காவல் என்பது என் கணக்கு.

"என்ன தம்பி, இண்டைக்கும் உம்மடை பெட்டிக்குச் சாணகம் தெளிச்சாச்சோ?" என்று அக்கா கேட்பார்.

"ஓம் அக்கா."

"கோலமும் போட்டுவிடும். குறை ஏன்?"

ஒரு வியாழக்கிழமை, பல மாதங்களாகப் பயந்து தள்ளிப்போட்ட வேலையைச் செய்தேன். சேர்வரின் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். புதுப் பதிப்பில் பல வசதிகள் வந்திருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் கணினியை நிறுத்தாமலே இன்னொரு பெட்டிக்கு மாற்றலாமாம். எங்களிடம் இன்னொரு பெட்டி ஏது? ஆனால் முகப்பிலே ஒரு புதிய பட்டியல் வந்திருந்தது. எந்தக் கணினியில் பழைய ஸ்னாப்ஷொட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன என்று அது காட்டும். வெள்ளிக்கிழமை காலையில் அதைத் திறந்தேன். அக்காவின் கணினிக்குப் பக்கத்தில் சிவப்பு முக்கோணம். நூற்றுப் பன்னிரண்டு. வட்டில் இடம் இல்லை.

நான் அகராதியை எடுப்பதற்குள் அக்காவின் குரல் கேட்டது.

"தம்பி, இது அசையுதில்லை."

விளக்கக் குறிப்பை அன்றுதான் முழுதாகப் படித்தேன். கணினியின் வட்டை ஒரு மூலப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால், முதல் ஸ்னாப்ஷொட் எடுத்த நிமிடத்திலேயே அது மூடப்பட்டுவிடும். அதன்பிறகு நடப்பதெல்லாம் ஒரு புதுக் கொப்பியில் எழுதப்படும். அடுத்த நாள் எடுத்தால் அந்தக் கொப்பியும் மூடப்பட்டு இன்னொன்று திறக்கும். ஒரு வரியை வாசிக்க வேண்டுமென்றால் எல்லாக் கொப்பிகளையும் புரட்டவேண்டும். நடுவில் ஒன்று பழுதானால் அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் வீண். ஸ்னாப்ஷொட் காப்புப் பிரதி அல்ல, ஓரிரு நாட்களுக்குமேல் வைத்திருக்கக்கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் நூற்றுப் பன்னிரண்டு காவல் போடவில்லை. ஒரே கயிற்றில் நூற்றுப் பன்னிரண்டு முடிச்சுப் போட்டிருந்தேன். அதன் நுனியில் அக்காவின் இரண்டு வருடம் தொங்கியது.

மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். பிறகு அக்காவின் கதிரைக்குப் பக்கத்தில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவைத் துடைத்ததையும் சொன்னேன்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். கடைசியில், "பயத்திலை செய்தனீர், பஞ்சியிலை, சோம்பலிலை செய்யேல்லை. அதுக்காக நான் உம்மைச் சும்மா விட்டுட்டன் எண்டு நினையாதையும். இப்ப என்ன செய்யவேணும், அதைச் சொல்லும்" என்றார்.

ஒருவரும் பாவிக்காத பழைய கணினி ஒன்று அந்த ஐந்தில் கிடந்தது. அதை நீக்கிக் கொஞ்சம் இடம் எடுத்தேன். அக்காவின் கணினியை ஒழுங்காக அணைத்து, மூலப் புத்தகத்தையும் எல்லாக் கொப்பிகளையும் ஒரு வெளி வட்டில் பிரதி எடுத்தேன். எதிலும் கைவைக்கமுன் அதைச் செய் என்று குறிப்புச் சொன்னது. பதினொரு மணிக்கு அது முடிந்தது. கொப்பிகள் எல்லாவற்றையும் மூலத்தோடு சேர்த்து ஒன்றாக்குவதுதான் மிச்சம்.

"பன்னிரண்டுக்குத் தொடங்குவம் அக்கா."

"ஏன்?"

"ராகுகாலம்."

"உந்தப் பெட்டி என்ன சமயம் எண்டு கேட்டீரோ?"

அந்த நேரம் போதகர் ஐயா எட்டிப் பார்த்தார். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, "நான் ஜெபிக்கவோ, எலக்ரீசியனைக் கூப்பிடவோ?" என்றார்.

"ரெண்டும் செய்யுங்கோ ஐயா. கரண்ட் மட்டும் நிக்கக்கூடாது" என்றார் அக்கா.

பன்னிரண்டு அடித்ததும் சொடுக்கினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. இருபது. முப்பது. மதியத்தில் அக்கா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து என் பக்கம் தள்ளினார். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். வெள்ளிக்கிழமை அவரும் மீன் மச்சம் தொடார், நானும் தொடேன்.

"மீன்காரற்றை வீட்டிலை கத்தரிக்காய். தெரியுமோ, வெள்ளியிலை என்ரை மனிசனுக்கு முகம் இருக்கிற இருப்பு? சாப்பிடும்."

ஒரு பிடி எடுத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். இரண்டு மணிக்குப் பச்சைக் கோடு தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். ஒரு மணித்தியாலம் அசையவில்லை. நிறுத்தும் பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் என்ன? வெளி வட்டில் பிரதி இருக்கிறதே? ஆனால் பழுதான கயிற்றின் பிரதியும் பழுதான கயிறுதானே? கை மௌஸில் இருந்தது. குறிப்பில் 'நடுவில் நிறுத்தவேண்டாம்' என்று இருந்ததை நான் வாசித்திருந்தேன். வாசித்ததும் பயமும் வேறு வேறு இடத்தில் இருந்தன.

அக்கா எழும்பி வந்து மௌஸை என் கைக்குள்ளிருந்து எடுத்து, தன் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்.

"அது தன்ரை வேலையைச் செய்யட்டும். நீர் கையை வைச்சுக்கொண்டு இரும்."

"நிண்டுபோச்சு அக்கா."

"நிக்கேல்லை. கரைக்கு வள்ளம் கிட்ட வரேக்கைதான் பிந்துற மாதிரி இருக்கும். எங்கடை வீட்டிலை எத்தினை விடிய பாத்திருப்பம்."

மூன்றேகாலுக்குச் சிவப்பு முக்கோணம் மறைந்தது. மௌஸைத் திருப்பித் தந்தார். கணினியை எழுப்பினேன். அக்கா உட்கார்ந்து முதல் பதிவேட்டைத் திறந்தார், நடுவில் ஒன்று, பிறகு தூளாகிப் போன பக்கங்களில் ஒன்று. எழுத்தும் இருந்தது, படமும் இருந்தது. கடைசியாக அன்று காலையில் தட்டச்சு செய்த பக்கத்தைத் திறந்தார். பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. இடம் தீர்ந்த பிறகு அடித்தது எதுவும் சேமிக்கப்படவில்லை.

"அவ்வளவுதானோ?" என்றார்.

"அவ்வளவுதான் அக்கா."

என் தோளில் ஒரு அடி வைத்தார். சின்ன அடி இல்லை. பிறகு பக்கத்துக் கதிரையைக் காலால் இழுத்து, "இதிலை இரும். எனக்குக் கண் எரியுது. நீர் வாசியும், நான் அடிக்கிறன்" என்றார்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஒருவர் முன்னாலும் சத்தமாக வாசித்ததில்லை. திரையில் இருந்த படத்தில் பழைய வளைந்த எழுத்து. ஒரு மீனவக் குடும்பத்துப் பெண்குழந்தை, பிறந்து பதினோராம் நாள் ஞானஸ்நானம், சாட்சிக்கு இரண்டு பேர். நான் தடக்கித் தடக்கி வாசித்தேன். தடக்கிய இடங்களில் அக்கா விரல்களை விசைப்பலகையில் வைத்தபடி, திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தார்.