பெரிய முள் நான், சின்ன முள் அவள்

என் மகள் பள்ளியில் தொடக்கநிலை ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது, பயிற்சித்தாளில் வரைந்திருந்த ஒன்றரை மணிக்கு 1:06 என்று எழுதிவிட்டு வந்தாள். பெரிய முள் ஆறில்தானே நிற்கிறது என்பது அவள் வாதம். எனக்குச் சிரிப்பு வந்தது. கைபேசியிலும் மின்தூக்கித் திரையிலும் எண்களாகவே நேரத்தைப் பார்த்து வளர்ந்தவள். முள்ளை அவள் எங்கே கண்டாள்?

நான் மருத்துவமனையில் தாதி. அந்த வாரம் எனக்கு விடுப்பு நாள் வந்ததும், செங்காங்கில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபாவை ஓரமாகத் தள்ளினேன். பன்னிரண்டு காகிதத் தட்டுகளில் எண் எழுதி, தரையில் வட்டமாக ஒட்டினேன். தட்டுக்குத் தட்டு குதித்தபடி ஐந்து, பத்து, பதினைந்து என்று கத்த வேண்டும். நாலு சுற்று குதித்ததில் ஆறாவது தட்டு முப்பது என்பது அவளுக்குத் தானாக வாயில் வந்துவிட்டது.

பிறகு நான் பெரிய முள்ளானேன், அவள் சின்ன முள். என் கணவர் நேரம் சொல்வார். நாங்கள் ஓடிப்போய் நிற்க வேண்டும்.

"மூணரை!" என்றார்.

நான் ஆறுக்கு ஓடினேன். அவள் மூன்றில் நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க ஹாஃப் ரவுண்ட் போயிட்டீங்க. அப்போ நானும் பாதி போகணும்லா?"

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் போய் நின்றுகொண்டாள். இனி இவளுக்குக் கடிகாரம் வசப்பட்டுவிடும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்த விடுப்பில் சிராங்கூன் சாலையில் ஓர் அழகு நிலையத்துக்குப் புருவம் திருத்தப் போனபோது அவளையும் கூட்டிப்போனேன். நான் நாற்காலியில் சாய்ந்திருக்க, அவள் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து, "அம்மா, எட்டரை ஆயிடுச்சு!" என்றாள்.

நூலைப் பல்லில் கடித்திருந்த பெண் சிரித்துவிட்டார். "எட்டரையா? நான் இப்பத்தானே மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டு வந்தேன், பாப்பா."

"இல்ல ஆன்ட்டி, சின்ன முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல இருக்கு, பாருங்க."

அவள் சொன்னது சரிதான். எங்களுக்குப் பின்னால் சுவரில் இருந்த, எண்களே இல்லாத கடிகாரத்தைத்தான் அவள் கண்ணாடியில் படித்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள்: மூன்றரை. மறுபடி கண்ணாடி: எட்டரை. கொஞ்ச நேரம் கழுத்து இங்கும் அங்கும் போய்வந்தது.

"கண்ணாடி மாத்திக் காட்டுது!" என்று எழுந்து நின்றாள். "ஆன்ட்டி, கண்ணாடியில ஏழு மணின்னா உண்மையில எத்தனை மணி, சொல்லுங்க?"

அந்தப் பெண் விரலால் காற்றில் வட்டம் போட்டுப் பார்த்தார். நானும் கண்ணை மூடி யோசித்தேன். எனக்கு விடை வருவதற்குள் அவளே, "அஞ்சு!" என்றாள்.

"இரு பாப்பா, இன்னொண்ணு கேளு," என்று அவர் நூலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு புருவம் மட்டும் திருத்திய நிலையில் நான் காத்திருந்தேன்.