இரண்டு பொட்டலமும் இரண்டு பாம்பும்

இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தே எனக்குப் பல வருசம் போய்விட்டது. மூன்று தரம் கொப்பி வாங்கினேன். ஒன்றில் மகள் படம் கீறினாள். ஒன்றில் மனைவி கடையில் வாங்குகிற சாமான்களை எழுதினாள். மூன்றாவதில் நானே பிள்ளையார் சுழியைப் போட்டுவிட்டு அதோடு மூடி வைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்பது ஒரு சாட்டுத்தான். உண்மையான காரணம், நான் என் கடவுளுக்கு முன்னால் ஒரு களவு செய்தவன். வெள்ளிக்கிழமை மரக்கறி, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம், விபூதி பூசாமல் ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. அப்படிப்பட்டவனுக்கு இதை எழுத இலேசில் கை வருமா?

களவு இரண்டு பாம்புகளைப் பற்றியது.

எண்பதுகளின் நடுவில் லண்டன் மோர்டனில் ஒரு வீடு எடுத்து, மேல் அறையை ஒரு வெள்ளைக்காரனுக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். சாதுவான ஆள். ஒரு நாள், அவுஸ்திரேலியாவுக்கு மூன்று கிழமை போய்வருகிறேன் என்று சொல்லி ஒரு கண்ணாடிப் பெட்டியையும் ஒரு தாளையும் எங்களிடம் தந்துவிட்டுப் போனான். பெட்டிக்குள் இரண்டு பாம்பு. செம்மஞ்சள் நிறம், முதுகில் சீலைக்கரை மாதிரிக் கோலம். விஷம் இல்லை என்பது தாளில் முதல் வரி. மூன்று கிழமை முடிய ஒரு போஸ்ட்காட் வந்தது. அவனுக்கு அங்கே கலியாணமாம், பாம்புகளை நாங்களே வைத்திருக்கலாமாம்.

மனைவி முதல் நான்கு நாளும் மேல்மாடிக்கே வரவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, ஒரு கிண்ணத்தில் பாலோடு ஏறி வந்தாள்.

"ஊரிலை நாகதம்பிரானைத் தேடி நாங்கள் போறது. இஞ்சை அவரே தேடி வந்திருக்கிறார்" என்றாள்.

"அவர் எங்கையப்பா வந்தவர்? வாடகைக்கு இருந்தவன் விட்டிட்டுப் போனது."

"ஆர் விட்டிட்டுப் போனால் என்ன? வந்தது வந்ததுதானே."

பாம்பு பால் குடிக்கவில்லை. பெரியது மெல்ல வந்து கிண்ணத்துக்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. பாலாபிஷேகத்தைத் தானே செய்துகொண்ட மாதிரி. பிறகு அதைத் தூக்கிக் கைகழுவுகிற பேசினில் கழுவினது நான்தான். அன்று கழுவத் தொடங்கினவன்.

பாம்புக்குச் சாப்பாடு உறைய வைத்த எலிக்குஞ்சு. வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கி, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, கராஜிலிருந்த பழைய பிரீசரில் வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் பாம்புக்கு எலி கிடையாது என்பது மனைவியின் சட்டம். சஷ்டிக்கு ஆறு நாளும் அவைக்கும் விரதம். பத்து நாளைக்கு ஒருக்கால் சாப்பிடுகிற சீவனுக்குத் தான் விரதம் பிடிக்கிறேன் என்றே தெரிந்திராது. புண்ணியம் மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தது.

மனைவியின் தமையன், என் மச்சான், லூயிஷாமில் இருந்தார். ஒரு கோடைக்கு வந்தவர், கேட்காமல் கொள்ளாமல் கராஜுக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்துவிட்டார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, ஒரு தேத்தண்ணி முழுக்கக் குடித்த பிறகுதான் வாய் திறந்தார். "மச்சான், உங்கடை வீட்டிலை மரக்கறி எண்டு சொல்லிச்சினம்."

இப்படிச் சிரிப்பாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குக் கலியாணமாகி ஆறு வருசம் பிள்ளையில்லை. ஆஸ்பத்திரி, விரதம், நேர்த்தி எல்லாம் பார்த்தாயிற்று. பாம்பு வந்து இரண்டாம் வருசம் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் எங்களுக்காகப் பாடுபட்டவர்களுக்கு மனைவி ஒரு பெட்டி சொக்லேட் கொடுத்தாள். மிச்ச நன்றி எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குத்தான். வெள்ளி தவறாமல் அதற்கு முன்னால் ஒரு விளக்கு.

பிள்ளை வந்த பிறகுதான் எங்களுக்கு நேரம் என்ற ஒன்று இல்லாமல் போனது. எனக்குக் காலையில் பெற்றோல் ஸ்டேசன், பின்னேரம் ஒரு பாண் பேக்கரி. மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கிற பகுதியில் ஷிப்ட். ஒருவர் கதவால் வர மற்றவர் போவார். பிள்ளையைக் கைமாற்றுகிற நேரத்தில்தான் புருசன் பெண்சாதி முகம் பார்த்தோம். இதற்குள் பாம்புப் பெட்டி கழுவ வேண்டும், தண்ணி மாற்ற வேண்டும், அடியில் வைத்த சூட்டுத் தகடு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் நான் மூடியைச் சரியாகப் பூட்டாமல் போய்விட்டேன். சின்னது காணாமல் போய்விட்டது. இரண்டு நாள் தேடினோம். எங்கள் வீட்டில் சாமியறை என்பது சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரியின் மேல் தட்டு. அங்கே பிள்ளையாரைச் சுற்றிப் படுத்திருந்தது.

"பார்த்தீங்களோ?" என்றாள் மனைவி.

"அது சூட்டுக்குப் போனது."

"இந்த வீட்டிலை சூடு வேறை இடத்திலை இல்லையோ?"

எனக்கு உண்மையாகவே ஏலாமல் போய்விட்டது. மச்சான் ஒரு வழி கொண்டுவந்தார். அவருக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார், வெள்ளைக்காரர், வகுப்பில் பாம்பு பல்லி எல்லாம் வளர்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து இரண்டையும் கூட்டிக்கொண்டு போவாராம். நல்ல மனுசன், நல்ல இடம்.

மனைவி அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டே சொன்னாள். "உங்களுக்கு ஏலாது எண்டு எனக்குத் தெரியும். ஆனா இவளைத் தந்தாப்பிறகு அவையை வெளியிலை அனுப்பிறதோ? நாளைக்கு இவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். நாங்கள் முடிவெடுக்க வேண்டாம். பூக்கட்டிப் பாப்பம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் ஒரே மாதிரித் தாளில் தனித்தனியே மடித்து, சாமிக்கு முன்னால் வைத்து, ஒரு குழந்தையைக் கொண்டு ஒன்றை எடுப்பிப்பது. வெள்ளை வந்தால் கொடுப்பது, சிவப்பு வந்தால் வைத்திருப்பது என்று பேசிக்கொண்டோம். எது வந்தாலும் அதற்கு மேலே கதையில்லை.

சனிக்கிழமை பெற்றோல் ஸ்டேசனில் வாளியில் விற்கிற கார்னேஷன் பூவில் ஒரு கட்டு வாங்கினேன். வெள்ளையும் சிவப்பும் கலந்த கட்டு. வீட்டுக்கு வந்து, மனைவி பிள்ளையைக் குளிப்பாட்டுகிற நேரம், பழைய கலண்டர் தாளில் இரண்டு பொட்டலம் மடித்தேன். இரண்டுக்குள்ளும் வெள்ளை. களவென்றாலும் மடிப்பு நேராகத்தான் வந்தது. சிவப்பும் மடித்தேன் என்று அவளுக்குக் காட்டவென்று எடுத்த சிவப்புப் பூவைக் கோட்டுப் பொக்கெற்றுக்குள் திணித்தேன். பொட்டலங்களைப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, "அப்பனே, உமக்குத் தெரியும், குனிஞ்சு நிமிர்ந்து எனக்கு நாரி முறியுது" என்று மட்டும் சொன்னேன். பிறகு பேக்கரியில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற வேலைதானே என்று கோட்டை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை மச்சான் ஒரு பெரிய காட்போட் பெட்டியோடு வந்துவிட்டார். பெட்டியில் ஓட்டையும் போட்டிருந்தார். சூடம் கொளுத்தினோம். மகளுக்கு இரண்டு வயது. அலுமாரிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். முதலில் பிள்ளையாரின் தும்பிக்கையைப் பிடித்தாள். பிறகு ஒரு பொட்டலத்தைத் தட்டிக் கீழே விழுத்தினாள். பிறகு மற்றதை எடுத்து வாய்க்குள் வைத்தாள். மனைவி அதை வாயிலிருந்து வாங்கி, மெல்லப் பிரித்தாள்.

சிவப்பு.

என் கையால் மடித்தது. இரண்டும் வெள்ளை. மச்சான் என் முகத்தைப் பார்த்தார். "என்ன மச்சான் வேர்க்குது? ஹீற்றரைக் குறைக்கட்டோ?"

மனைவி கீழே விழுந்த பொட்டலத்தை எடுத்து, உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டினாள். "மற்றதையும் பிரிச்சுப் பாப்பமோ?"

"வேண்டாம். அது கூடாது." அதற்குள் இப்போது என்ன நிறம் என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

"ஏன் கூடாது? சும்மா பாப்பம்."

"கூடாதெண்டால் கூடாது. ஆத்திலை விடவேணும்."

"ஓமோ. எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் சரி" என்றாள். அவள் அவ்வளவு பணிவாகக் கதைத்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

ஆற்றுக்குப் போகக் கோட்டைப் போட்டேன். பொக்கெற்றுக்குள் கையை விட்டேன். சிவப்புப் பூ இல்லை. மற்றப் பொக்கெற்றிலும் இல்லை. அந்த நிமிசமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். பூ கோட்டிலிருந்து பொட்டலத்துக்குப் போயிருக்கிறது. போக வைத்தவர் மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறார். எங்கள் பக்கத்து வாண்டில் ஆற்றுப் பாலத்தில் நின்று, மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமலே தண்ணியில் விட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நாயோடு போன ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நான் என்னவோ எறிகிறேன் என்று முறைத்துப் பார்த்தார்.

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு ஆறு வருசம் எடுத்தது.

வாத்தியாருக்கு வரவேண்டாம் என்று சொன்னோம். அடுத்த கிழமையே பேக்கரி வேலையை விட்டேன். பயத்தில்தான், பொய் சொல்லவில்லை. பின்னேரங்களில் வீட்டில் நின்று பெட்டியைக் கோயில் மாதிரி வைத்திருந்தேன். மகள் பக்கத்தில் இருந்து தண்ணிக் கிண்ணம் நீட்டுவாள். அவளின் பள்ளிக்கூடப் பாட்டெல்லாம் நான் படித்தது அந்தப் பெட்டிக்கு முன்னால்தான்.

பூ மாறின கதையை ஒரே ஒரு ஆளுக்குச் சொன்னேன். மச்சானுக்கு. என் களவையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஆருக்கும் சொல்ல வேண்டாம் என்றேன். "எனக்கேன் மச்சான் உந்த வேலை" என்றார்.

பிறகு தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், ஆர்ச்வேயில் இறங்கி முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். அன்னதான வரிசையில் முன்னால் நின்ற ஒரு பொம்பிளை, மனைவியோடு கதை கொடுத்தாள். லூயிஷாமில் ஒரு வீடாம். நாகபாம்பாம். புருசன்காரன் கொடுக்க வெளிக்கிட, பாம்பு படமெடுத்து நின்றதாம். பால் வைத்தால் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிக்குமாம். பொட்டலத்துக்குள் இருந்த வெள்ளைப் பூ எல்லாருக்கும் முன்னால் இரத்தச் சிவப்பாக மாறினதாம்.

களவு என்ற சொல்லே அந்தக் கதையில் இல்லை. மச்சான் என்னைக் காப்பாற்றியிருந்தார். அதற்குச் சந்தோசப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

"பூவை ஆர் அக்கா கட்டினது?" என்று மனைவி அப்பாவியாகக் கேட்டாள்.

"வீட்டுக்காரன்தானாம். நல்ல பக்தனாம்."

நான் சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பொம்பிளை குரலைத் தாழ்த்தி, தனக்கும் எட்டு வருசமாகப் பிள்ளையில்லை, இதைக் கேட்ட நாள் தொடக்கம் வெள்ளி விரதம் பிடிக்கிறேன் என்றாள். மனைவி அவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆர்ச்வேயில் ரயில் ஏறினால் மோர்டன் வரைக்கும் ஒரே ரயில். ஏறி இருந்ததும் மனைவி சீலைத் தலைப்பை வாயில் பொத்திச் சிரிக்கத் தொடங்கினாள். லண்டன் பாலம் தாண்டியும் நிற்கவில்லை. மகள் வெட்கப்பட்டு அடுத்த சீற்றுக்கு மாறினாள்.

"என்னப்பா?" என்றேன்.

"நல்ல பக்தனாம்." கண்ணைத் துடைத்தாள். "அண்டைக்கு உங்கடை கோட்டுக்குள்ளை பஸ் பாஸ் தேடினனான். பஸ் பாஸ் இல்லை, ஒரு சிவத்தப் பூ நசிஞ்சு கிடந்தது. இது இஞ்சை கிடந்தால் பொட்டலத்துக்குள்ளை என்ன கிடக்குது எண்டு போய்ப் பாத்தன்."

"நீர் பிரிச்சனீரோ?"

"பிரிச்சனான். ரெண்டும் வெள்ளை. எனக்கு வந்த கோபத்துக்கு ரெண்டையும் சிவப்பாக்கியிருப்பன். பூக்கட்டிலை இன்னும் சிவப்பு இருந்ததுதானே. பிறகு நினைச்சன், களவெடுக்க மாட்டாத மனுசன் களவெடுத்திருக்கிறார், அவ்வளவுக்கு ஏலாமல் போச்சு எண்டு. அதாலை ஒண்டைத்தான் மாத்தினனான். ஒண்டு வெள்ளை, ஒண்டு சிவப்பு. சாமிக்கு வைக்கிற மாதிரி வைச்சன்."

"அப்ப ஆறு வருசமா ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் பின்னேரத்திலை வீட்டிலை நிண்டனீங்கள். அதை நான் ஏன் கெடுப்பான்?"

ஸ்டொக்வெல் போனது, கிளாப்பம் போனது. பூ நடந்து போகவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றைப் பிள்ளை எடுத்தாளே, அதில் ஆரும் கை வைக்கவில்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில்தான் வந்திருக்கிறது. எனக்குக் கிடைக்க வேண்டிய பதிலைக் களவெடுத்தது நான், திருப்பி வைத்தது அவள்.

"அந்த மற்றப் பொட்டலத்தைப் பிரிப்பமோ எண்டு கேட்டனீர். என்னைப் பயப்பிடுத்தத்தானே?" என்றேன்.

"ஓம்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மேலே போனோம். இரண்டும் கிடந்தன, பெரியது தண்ணிக் கிண்ணத்துக்குள். இப்போது ஆருடைய கட்டளையும் இல்லை, வேண்டுமென்றால் கொடுக்கலாமே என்று நான் ஒரு கதைக்குச் சொன்னேன்.

"குடுப்பம். இன்னொருக்கால் பூக்கட்டிப் பாப்பம்" என்றாள்.

"இந்த முறை ஆர் மடிக்கிறது?"

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். பதில் இன்றுவரை வரவில்லை. நான் பெட்டி மூடியைத் திறந்து கழுவத் தொடங்கினேன்.

அந்தப் பொம்பிளையை நினைத்தும்தான் இத்தனை வருசம் எழுதாமல் இருந்தேன். அவளின் நம்பிக்கையைக் குலைக்க எனக்கு மனமில்லை. போன தைப்பூசத்துக்குக் கோயிலில் கண்டேன், கையில் ஒரு ஆண் குழந்தை. மனைவிக்குச் சொன்னேன். "இனி எழுதலாம்" என்றாள். "ஆனா நான் ஒண்டைத்தான் மாத்தினனான் எண்டதை வடிவா எழுதுங்கோ." எழுதிவிட்டேன். நான் நம்புகிறேன். மற்றப் பொட்டலம் ஆற்றோடு போய்விட்டபடியால் நம்பத்தான் வேண்டும்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை ஆருக்கும் சொல்வதென்றால், தாராளமாகச் சொல்லுங்கள். கோயிலில் சொல்லுங்கள், ரயிலில் சொல்லுங்கள். ஆனால் கிடக்கிறபடி சொல்லுங்கள். வீடு லூயிஷாமில் இல்லை, மோர்டனில். பூ நிறம் மாறவில்லை. பாம்பு பாலில் குளித்ததே தவிரக் குடிக்கவில்லை. அது படமெடுத்தது என்று மட்டும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அந்தச் சாதிக்குப் படமே கிடையாது. புருசன்காரன் நல்ல பக்தன் என்று ஆராவது சொன்னால், களவையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.