சாக மறுத்த காய்ப்புழு

பூச்சிமருந்து விற்கிறவனுக்குப் பூச்சியைப் பற்றித் தெரிந்திருந்தால் அது தொழிலுக்குக் கெடுதல். எண்பதுகளில் சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் விற்பனையாளாக நின்றேன். விலங்கியல் படித்திருந்ததுதான் வினை. முதலாளியின் முகத்தைப் பார்த்தே பிழைத்த உங்களில் யாருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

முதல் வருஷப் பெருமை

பருத்திக்குப் புது மருந்து வந்த வருஷம், அடித்த அன்றைக்கே காய்ப்புழு கொத்துக்கொத்தாகச் செடியடியில் கிடந்தது. அந்த மருந்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி முதலாளி நடந்துகொண்டார். சில வருஷத்தில் அதே மருந்துக்கு, அதே அளவுக்குப் புழு சாகவில்லை. கரிவலம்வந்தநல்லூர் வேலுச்சாமி, நிறையப் பருத்தி போடுகிற சம்சாரி, ஒரு காயைக் கடை மேசையில் வைத்து உடைத்தார். உள்ளேயிருந்து புழு தலையை நீட்டியது. முதலாளி அதை ஏறிட்டும் பார்க்காமல், அளவு தெரியாமல் அடித்திருப்பீர் என்றார். வேலுச்சாமி சொன்னார்: “அளவெல்லாம் சரிதான் அண்ணாச்சி. முந்தி இருந்ததவிட இப்ப கொழுத்துல்லா இருக்கு.”

புகாருக்கு வந்தவர்

கம்பெனிக்குப் புகார் போய், மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வரப்பை விட்டு வயலுக்குள் இறங்கவே இல்லை. அங்கிருந்தபடியே மருந்தின் அளவை இரட்டிப்பாக்கச் சொன்னார்.

நான் வாயைத் திறந்தேன். விஷம் நரம்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான் புழு சாகும். சில புழுக்களின் உடம்பில் அதை வழியிலேயே உடைத்துப்போடும் நொதி கூடுதலாக இருக்கிறது. அடிக்க அடிக்க மற்றவை செத்து, இவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. அளவைக் கூட்டினால் இன்னும் முரட்டுப் புழுவைத்தான் பொறுக்கி வளர்ப்போம் என்றேன். அதிகாரி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, நீங்க மருந்து விக்க வந்தீங்களா, புழுவுக்கு வக்கீலா வந்தீங்களா?”

மூன்று பாட்டில் கலவை

அவர் போனதும் முதலாளிக்கு ஞானம் பிறந்தது. மூன்று மருந்தைக் கலந்து அடிக்கச் சொன்னார். வேண்டாம் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. வேலுச்சாமி வாங்கிப்போனார், தெளித்தது அவரிடம் கூலிக்கு நின்ற செல்லப்பா. மேலில் சட்டை இல்லை, உச்சிவெயில், முதுகில் ஒழுகுகிற பம்பு. வரப்பிலேயே விழுந்துவிட்டார்.

கேள்விப்பட்டதும் வயலில் கிடந்த காலி பாட்டில்களை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் வழிய, சதை துடித்துக்கொண்டு கிடந்தார். பாட்டில்களைக் காட்டியதும் டாக்டர் விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி போட ஆரம்பித்தார். நரம்பு கொடுக்கிற சேதியை முடித்துவைக்கும் நொதி ஒன்று புழுவுக்கும் உண்டு, நமக்கும் உண்டு. கலவையில் இருந்த ஒரு மருந்து அதைத்தான் முடக்கும். முடக்கப்படுவது புழுவா, மூன்று பிள்ளைக்குத் தகப்பனா என்று அதற்குத் தெரியாது. செல்லப்பா கண்விழித்துப் பெண்சாதியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்வரை எனக்கு உயிரே இல்லை.

கடைக்குத் திரும்பி முதலாளியிடம் அத்தனையும் சொன்னேன். ரொம்ப யோசித்துவிட்டுச் சொன்னார்: “நம்ம சரக்கு பவர் கொறஞ்சிட்டுன்னு எவனும் இனிப் பேச முடியாதுல்லா?”

செல்லப்பா விடைபெற்றது

தேறிய பிறகு செல்லப்பா பம்பைத் தொடவில்லை. புளியங்குடி எலுமிச்சைச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போவதாக வேலுச்சாமியிடம் சொல்ல வயலுக்கு வந்தார். நானும் அங்கே நின்றேன். குனிந்து ஒரு செடியை விலக்கிப் பார்த்தவர், காயைத் துளைத்துக்கொண்டிருந்த புழுவை எனக்குக் காட்டினார்: “என்னைய விழத்தட்டிட்டு, இது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கு, பாத்தீயளா?”

கம்பெனி, கடை, புழு என்று அந்தத் தொழிலில் நான் பார்த்த மூன்று தரப்பில், பட்டதிலிருந்து பாடம் கற்றது புழு ஒன்றுதான்.